பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால்: அவையில் நழுவும் பதில்களை நாம் கோட்டை விடும் இடங்கள்

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டவனிடம் கொட்டைப்பாக்கு விலை சொன்ன கதை தமிழ்நாடு முழுக்கத் தெரியும். மன்னார்குடிக்காரனான எனக்கு அந்தப் பட்டுக்கோட்டை பஸ் ஏறினால் ஒரு மணி நேரத் தொலைவு. அதனாலோ என்னவோ, இந்தப் பழமொழியில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கும். கொட்டைப்பாக்கு விலை சொன்னவர் பொய் சொல்லவில்லை. அன்றைய விலை அதுவாகவே இருந்திருக்கலாம். தயங்காமல் சொல்லியிருப்பார். கேட்டவனும் தலையாட்டிவிட்டு நாலு எட்டு நடந்த பிறகுதான் வழி தெரியவில்லையே என்று விழித்திருப்பான்.

போன வாரம் எங்கள் தெருமுனை டீக்கடையில் இதே கதைதான் நடந்தது. ஒருவர் போனில் நாடாளுமன்ற வீடியோ ஓடியது. அமைச்சர் ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிப் பேசுகிறார், ஒரு பக்கம் கைதட்டல், மறுபக்கம் கூச்சல். "சரியான பதிலடி" என்றார் போன்காரர். "பதிலே சொல்லலையே, மழுப்புறாரு" என்றார் எதிர் பெஞ்சில் இருந்தவர். நான் கேட்டேன்: "சரி, கேள்வி என்ன?" இருவருக்கும் தெரியவில்லை. வீடியோ தொடங்குவதே பதிலில் இருந்துதான். கேள்வியை வெட்டி எறிந்துவிட்டு யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

நம் தவறுகளில் தலையாயது இதுதான். கேள்வியைக் கையில் பிடிக்காமல் பதிலுக்கு மார்க் போடுகிறோம்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த டாட் ராஜர்ஸ், மைக்கேல் நார்ட்டன் இருவரின் ஆய்வு 2011இல் வெளியானது. ஒரு வேட்பாளர் மருத்துவ வசதி பற்றிப் பேசும் ஒரே பதிலை எல்லோருக்கும் காட்டினார்கள், கேள்வியை மட்டும் மாற்றினார்கள். சிலருக்கு மருத்துவம் பற்றிய கேள்வி, சிலருக்குப் போதைப்பொருள், சிலருக்குப் பயங்கரவாதம். பயங்கரவாதம் பற்றிக் கேட்டதற்கு மருத்துவம் பேசியபோது ஆட்கள் பிடித்துவிட்டார்கள். போதைப்பொருள் பற்றிய கேள்விக்கு அதே பதில் வந்தபோது, அது பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி இருந்ததால், பெரும்பாலோர் கோட்டை விட்டார்கள். பலருக்குக் கேள்வி என்ன என்பதே ஞாபகம் இல்லை. பதில் ஓடும்போது கேள்வியைத் திரையில் எழுத்தாகப் போட்டதும் நழுவல் கண்ணில் பட்டுவிட்டது.

அதைப் படித்ததில் இருந்து நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் அந்தக் கேள்விக்கான பதில் மட்டும். ஆவேசம், அடுக்குமொழி, குட்டிக்கதை எதுவும் ஏறக்கூடாது. பல நாள் வலப்பக்கம் வெள்ளையாகவே கிடக்கும்.

ஒரே மூச்சில் மூன்று கேள்வி

இதை நானே செய்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு விவசாயிகள் குறைதீர் கூட்டம். மைக் கைக்கு வர இரண்டு மணி நேரம் ஆனது. கிடைத்ததும் கொட்டித் தீர்த்தேன்: எங்கள் ஊரில் அரசு நெல் வாங்கும் நேரடி கொள்முதல் நிலையம் எப்போது திறப்பீர்கள்? ஈரப்பத மெஷின் ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வொரு கணக்குக் காட்டுகிறதே, ஏன்? சாக்குத் தட்டுப்பாடு எப்போது தீரும்? அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாக்கு லாரி கிளம்பிடுச்சுங்க, நாளைக்கு வந்துடும்" என்றார். நானும் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போதுதான் உறைத்தது: நிலையமே திறக்காத ஊருக்குச் சாக்கு வந்து என்ன ஆகப்போகிறது? மூன்று கேள்வியை நீட்டினால் பதில் சொல்பவர் எதை எடுப்பார்? சுலபமானதைத்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நாடாளுமன்றத்திலும் இதே வினைதான், அங்கே அச்சில் நடக்கும். எழுத்துப்பூர்வக் கேள்விகள் (அ), (ஆ), (இ), (ஈ) என்று பிரிந்திருக்கும். பதிலும் அப்படிப் பிரிந்து வந்தால் பிரச்சினை இல்லை. பல பதில்களில் "(அ) முதல் (ஈ) வரை" என்று சேர்த்துக் கட்டி, ஒரே நீளப் பத்தி இருக்கும். திட்டத்தின் பெயர், தொடங்கிய ஆண்டு, நோக்கம் எல்லாம் இருக்கும். (இ)யில் கேட்ட எண்ணிக்கை மட்டும் இருக்காது. அப்படிச் சேர்த்துக் கட்டிய பதிலைப் பார்த்தால், ஒவ்வொரு எழுத்தாகத் திரும்பப் போய்த் தேடுங்கள். வைக்கோல் போரில் ஊசி தேடுவது மாதிரிதான், பல சமயம் ஊசியே இருக்காது.

ஆளைத் தப்பாகப் பிடிப்பது

பதில் வராததெல்லாம் நழுவல் ஆகிவிடாது. இது எங்கள் பக்கத்து ஆட்கள் அடிக்கடி செய்யும் தவறு. கொள்முதல் நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பத வரம்பை வைப்பது ஒன்றிய அரசு. நிலையத்தைத் திறந்து மூட்டை பிடிப்பது மாநிலத்தின் நுகர்பொருள் வாணிபக் கழகம். மழையில் நனைந்த நெல்லை 20 சதவீதத்தில் ஏன் எடுக்கவில்லை என்று மாநில அமைச்சரைக் கேட்டால், தளர்வு கேட்டு டெல்லிக்கு எழுதியிருக்கிறோம் என்பார். அது நிஜம். நிலையம் ஏன் திறக்கவில்லை என்று டெல்லி அமைச்சரைக் கேட்டால், அது மாநில நிறுவனத்தின் வேலை என்பார். அதுவும் நிஜம். இருவரையும் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் நெல் களத்தில் முளைத்துக் கிடக்கும்.

அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் விவசாயமும் தண்ணீரும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மாநிலங்களுக்கு இடையே ஓடும் நதிகளை முறைப்படுத்துவது ஒன்றியப் பட்டியல். இந்தப் பிரிவினை தெரிந்தால் கேள்வியை இரண்டாக உடைத்து இரண்டு இடத்தில் கேட்கலாம். டெல்லியிடம்: தமிழ்நாட்டின் கடிதம் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் முடிவு எடுத்தீர்கள்? மாநிலத்திடம்: எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்? இப்படிக் கேட்டால் பந்தை அடுத்தவர் வீட்டில் போட வழியில்லை.

வார்த்தையைப் படிக்காமல் தலைப்பைப் படிப்பது

கைதேர்ந்த பதில்கள் பொய் சொல்வதில்லை. ஒரே ஒரு சொல்லின் மேல் மொத்த பாரத்தையும் ஏற்றி வைத்திருப்பார்கள்.

2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஆக்சிஜன் பற்றாக்குறைச் சாவுகள் பற்றிக் கேள்வி வந்தது. அன்று வந்த எழுத்துப்பூர்வ பதிலின் சாரம்: ஆக்சிஜன் இல்லாததால் ஏற்பட்டதாக எந்தச் சாவும் மாநிலங்களால் குறிப்பாகத் தெரிவிக்கப்படவில்லை. மறுநாள் ஊரெல்லாம் "ஆக்சிஜன் இல்லாமல் யாரும் சாகவில்லை என்கிறது அரசு" என்று பேச்சு. கோபம் வந்தது, வரத்தான் செய்யும். ஆனால் பதிலில் இருந்த சொற்கள் 'மாநிலங்களால்', 'குறிப்பாக' என்ற இரண்டும். அவற்றை விட்டுவிட்டுச் சண்டைக்குப் போனால், "நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை" என்று எதிராளி சுலபமாகக் கழன்றுகொள்வார். கேட்டிருக்க வேண்டியது வேறு: எந்தெந்த மாநிலத்திடம் இதைத் தனியாகக் கணக்கெடுக்கச் சொன்னீர்கள், எப்போது சொன்னீர்கள்?

அதற்கு முந்தைய வருஷம் செப்டம்பரில், ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர், இழப்பீடு கொடுத்தீர்களா என்று மக்களவையில் கேட்டபோது, அப்படி ஒரு புள்ளிவிவரம் பராமரிக்கப்படவில்லை, ஆகவே அடுத்த கேள்வி எழவில்லை என்று பதில் வந்தது. 'கேள்வி எழவில்லை' என்ற இந்தத் தொடரைக் கவனித்து வையுங்கள். முதல் கதவைச் சாத்தினால் மற்ற கதவுகள் தானே சாத்திக்கொள்ளும் ஏற்பாடு அது. வடமாநிலத் தொழிலாளர்கள் நம் டெல்டா வயல்களில் நாற்று நடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு வரி ஞாபகம் வரும்.

அந்தக் கூட்டத்தொடரில் இன்னொரு விஷயமும் உண்டு. கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துப் பதில் மட்டும் வந்தது. எழுந்து நின்று, "ஏன் பராமரிக்கவில்லை?" என்று அமைச்சரைத் திருப்பிக் கேட்க யாருக்கும் வாய்ப்பில்லை.

சத்தத்தை வீரம் என்று நினைப்பது

துணைக்கேள்வியின், அதாவது அமைச்சரின் பதிலைக் கேட்டதும் எழுந்து அங்கேயே திருப்பிக் கேட்கும் கேள்வியின், அருமை தெரிந்தால்தான் இது புரியும். மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 மணிக்கு. ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் பட்டியலில் இருக்கும், இவற்றுக்கு அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டும். நட்சத்திரம் இல்லாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். எழுதிய பதிலை அதிகாரிகள் உட்கார்ந்து நகாசு செய்திருப்பார்கள். துணைக்கேள்வி அப்படியில்லை, எழுந்து நிற்கும் அமைச்சர் சொந்தமாக நீந்த வேண்டும். கேள்வி கொடுத்த உறுப்பினருக்கு இரண்டு துணைக்கேள்வி. விலாங்கு சிக்கினால் அங்கேதான் சிக்கும்.

கூச்சல் வந்து அவை ஒத்திவைக்கப்பட்டால்? எழுதிய பதில் அவையில் வைக்கப்பட்டதாகக் கணக்காகிவிடும். துணைக்கேள்வி மட்டும் போய்விடும். யாருக்கு லாபம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2018ஐ எடுங்கள். பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரியில் நம் பங்கை 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்து, அதைச் செயல்படுத்த ஆறு வாரத்துக்குள் ஒரு 'ஸ்கீம்' வகுக்கச் சொன்னது. மார்ச் 29ஆம் தேதியோடு கெடு முடிந்தது. ஒன்றிய அரசு அதற்குப் பிறகு நீதிமன்றம் போய், 'ஸ்கீம்' என்றால் என்ன என்று விளக்கம் கேட்டது. ஆறு வாரம் முழுக்க வராத சந்தேகம் கெடு முடிந்ததும் வந்தது. அதே மார்ச்சில் நாடாளுமன்றம் நடந்துகொண்டிருந்தது. நம் எம்.பி.க்கள் காவிரிக்காக, ஆந்திரக்காரர்கள் சிறப்பு அந்தஸ்துக்காக, தினமும் மையப்பகுதியில் நின்றார்கள். அவை ஓடவே இல்லை. அந்தக் கோபம் நியாயமானது, நானும் அப்போது கைதட்டியவன்தான். இப்போது யோசித்தால், 'ஸ்கீம் என்றால் காவிரி மேலாண்மை வாரியமா, இல்லையா?' என்று மார்ச் முதல் வாரமே ஒரு துணைக்கேள்வி கேட்டு, பதிலை அவைக்குறிப்பில் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தோன்றுகிறது. ஒருவேளை அதற்கும் நழுவியிருப்பார்கள். நழுவியது பதிவாகியிருக்கும் அல்லவா? கடைசியில் காவிரி மேலாண்மை ஆணையம் அரசிதழில் வந்தது ஜூன் 1ஆம் தேதி.

சூடான விவாதத்தின் இன்னொரு தந்திரம் 'உங்கள் ஆட்சியில் என்ன கிழித்தீர்கள்'. நம் சட்டப்பேரவையில் காவிரி என்று வாயெடுத்தால் பேச்சு 1924 ஒப்பந்தத்துக்கும், அது 1974இல் புதுப்பிக்கப்படாமல் போனதற்கும் ஓடிவிடும். வரலாறு தேவைதான். கேட்டது இந்த வருஷம் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பது. நோட்டில் வலப்பக்கம் வெள்ளை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நேர் பதில்: 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு நிலக்கரித் தொகுதிகள் பற்றிக் கொந்தளிப்பு எழுந்தது. மூன்றையும் ஏலத்தில் இருந்து விலக்கச் சொல்லிவிட்டேன் என்று நிலக்கரித் துறை அமைச்சர் அறிவித்தார். கொடுக்கும் மனசு இருந்தால் பதில் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

'பரிசீலனையில் உள்ளது' என்றதும் நோட்டை மூடுவது

இதைச் சிலர் வாக்குறுதி என்று நம்பிவிடுகிறார்கள், சிலர் வெறும் பேச்சு என்று தூக்கிப் போடுகிறார்கள். இரண்டும் தவறு. 'பரிசீலிக்கப்படும்', 'தகவல் திரட்டி அவையில் வைக்கப்படும்' போன்ற தொடர்களை அவையே உறுதிமொழியாகக் கணக்கில் எடுக்கிறது. இதற்கென்று அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, மக்களவையில் 1953இல் இருந்து. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது பொது விதி. அமைச்சகங்கள் கூடுதல் அவகாசம் கேட்கும், கைவிடவும் கேட்கும், அதுவும் குழுவின் அறிக்கையில் ஏறும். ஆகவே நழுவிய பதிலின் பக்கத்தில் ஒரு தேதி குறித்து வைத்தால், மூன்று மாதம் கழித்து உங்கள் எம்.பி.யிடம் கேட்க விஷயம் தயார். நாடாளுமன்ற இணையதளத்தில் கேள்வி பதில்கள் அமைச்சகம் வாரியாக, தேதி வாரியாகக் கிடைக்கின்றன. டீக்கடை வீடியோவைவிடச் சுவை குறைவுதான்.

அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு ஒரே ஒரு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன்: எங்கள் ஊர் கொள்முதல் நிலையம் எந்தத் தேதியில் திறக்கும்? டீக்கடையில் காட்டினேன். போன்காரர் படித்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு அண்ணே. அப்படியே அந்த வடிகால் தூர்வாருறதையும் ஒரு வரி சேர்த்துக்குங்களேன்."

சேர்க்கவில்லை.