காலி இடம் என்று ஒன்று கிடையாது: ஊருக்கு நிலப் பயன்பாட்டு வரைபடம் போடும் முறை

ஊருக்கு நிலப் பயன்பாட்டுத் திட்டம் போட வேண்டும் என்று யாராவது கூப்பிட்டால், "மழை பெய்யட்டும், அப்புறம் வருகிறேன்" என்பேன். விளையாட்டுக்குச் சொல்வதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சமுதாயக் கூடத்துக்கு இடம் காட்டினேன். வரைபடத்தில் வெள்ளையாக, காலியாகத் தெரிந்த இடம். மூன்று பக்கத்துத் தண்ணீரும் வந்து தங்கும் பள்ளம் அது என்று, முதல் மழையில் நாற்காலிகள் மிதந்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து, எங்கே கட்டக் கூடாது என்பதை முதலில் குறிக்கிறேன். வீடும் சாலையும் கடைசியில்தான்.

அடிப்படைப் படத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தைப் பெரிதாக அச்செடுங்கள். 1 செ.மீ. என்பது தரையில் 20 மீட்டர் என்ற அளவு சிறிய ஊருக்குப் போதும். அதன் மேல் டிரேசிங் தாள்கள். ஒரு விஷயத்துக்கு ஒரு தாள்.

முதல் தாள் தண்ணீருக்கு. கனமழை விட்டதும் குடையோடு கிளம்புங்கள். ஓடும் தண்ணீரின் பின்னாலேயே நடந்து, அது போகும் வழியையும் தேங்கும் இடத்தையும் பென்சிலில் கோடிழுங்கள். வேலியில் சிக்கிய சருகு, சுவரில் படிந்த சேற்றுக் கறை எல்லாம் சாட்சிகள். பெரியவர்களிடம் "இங்கே வெள்ளம் வருமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். மனை விலை போய்விடுமே என்று "வராது" என்றுதான் பதில் வரும். "எத்தனையாவது படி வரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். கை தானாக அந்தப் படியைக் காட்டும்.

காட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் இருக்கிறதே, அதில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையில் நீர்மட்டம் சாக்பீஸ் கோட்டைத் தொடும்படி பிடியுங்கள். மறுமுனையை எதிர் வீட்டுக்குக் கொண்டுபோனால், அங்கே தண்ணீர் நிற்கும் உயரமும் அதே மட்டம்தான். இப்படி வீடு வீடாக நகர்த்தினால் அந்தத் தெருவின் வெள்ளக் கோடு கிடைத்துவிடும். இரண்டு பேர், ஒரு காலைப்பொழுது, அவ்வளவுதான்.

தண்ணீரின் அளவையும் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். ஒரு ஹெக்டேரில் 50 மி.மீ. பெய்தால் 5 லட்சம் லிட்டர். மண் தரை அதில் ஒரு பங்கைக் குடித்துக்கொள்ளும். கூரையும் கான்கிரீட்டும் ஏறக்குறைய முழுவதையும் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடும்.

அடுத்த தாள் சரிவுக்கு. அதே டியூப் போதும். 20 மீட்டர் தூரத்தில் 1 மீட்டர் இறங்கினால் 5 சதவீதச் சரிவு. 15 சதவீதத்தைத் தாண்டினால் மண்ணை வெட்டித் தடுப்புச்சுவர் கட்டியே பணம் கரையும்; அங்கே மரம் நிற்கட்டும். மண்ணுக்கு ஒரு கண்ணாடி ஜாடி போதும்: பாதி மண், மீதி தண்ணீர் போட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும், வண்டல் சில மணி நேரத்தில், களிமண் ஒரு நாளுக்கு மேலும் கலங்கியே கிடக்கும். களி அதிகமான இடத்தில் கழிவுநீர் உறிஞ்சுகுழி வெட்டினால் நாற்றம்தான் மிச்சம்.

மூன்றாவது தாளை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். அது புழக்கத்துக்கு. யாருக்கும் பட்டா இல்லாத திடலில் காலையில் ஆடு மேயும், மதியம் துணி காயும், சாயங்காலம் பிள்ளைகள் பந்தாடுவார்கள். கூட்டம் போட்டுக் கேட்டால் நிலம் வைத்திருப்பவர்கள் மட்டும் பேசுவார்கள். அதனால் வாடகைக்குக் குடியிருப்பவர்கள், பெண்கள், பிள்ளைகளிடம் தனித்தனியாகப் போய்க் கேளுங்கள்.

ஒவ்வொரு தாளிலும் கட்டக் கூடாத இடங்களைப் பென்சிலால் நிழலடியுங்கள். மூன்றையும் அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்பாகத் தெரியும் இடங்களில் கட்டடம் வேண்டாம். பூங்கா, மைதானம், தோட்டம் போதும். பிரேசிலின் குரிடிபா நகரம் 1970களில் இதைத்தான் செய்தது. ஆற்றை கான்கிரீட் கால்வாயில் அடைக்காமல், வெள்ளம் பாயும் நிலத்தைப் பூங்காவாக்கி ஏரிகள் அமைத்தது. வெள்ளம் வந்தால் நனைவது புல்தான். அந்தப் புல்லை மேய்ந்து வெட்ட ஆடுகளையும் விட்டார்கள்!

வெளுப்பாக மிஞ்சிய இடத்தில் வீடுகளை நெருக்கமாக வையுங்கள். பள்ளியும் கடையும் 400 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடையில் இருக்கட்டும். அதை ஸ்கேல் வைத்து நேர்க்கோட்டில் அளக்காதீர்கள்; ஒரு பாட்டியோடு நடந்து பார்த்து அளங்கள்.

கருத்த பகுதியில் யாருடைய மனையாவது விழும். கூட்டத்துக்கு முன்பே அவர் வீட்டுக்குப் போய், மாற்று நிலமா, ஈட்டுத்தொகையா என்று பேசிவிடுங்கள். சபையில் திடீரென்று கேள்விப்பட்டால் எந்த மனுஷனும் சண்டைக்குத்தான் வருவான். அதன் பிறகு படத்தை எல்லோரும் பார்க்கும் சுவரில் மாட்டி, பக்கத்திலேயே ஒரு பென்சிலையும் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். மையால் எழுதுவது அடுத்த மழைக்காலம் கழிந்த பிறகு.