தராசைச் சாய்த்துப் பாருங்கள்: மளிகைக்கடை வைத்திருப்பவர்களுக்கு

கடை வைத்துப் பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒருமுறைதான் அபராதம் கட்டியிருக்கிறேன். அதுவும் எடை குறைந்ததற்காக இல்லை. தீபாவளிக்கு முந்தின வாரம், கூட்டம் நெரிகிற நேரத்தில் ஆய்வாளர் வந்தார். கையோடு கொண்டுவந்த ஒரு கிலோ கல்லைத் தட்டில் வைத்தார். 1.000 என்று அசையாமல் நின்றது. பிழைத்தோம் என்று நினைத்தேன். அவர் தராசைச் சாய்த்து, கம்பியில் தொங்கிய ஈயச் சீலைப் பார்த்தார். தராசைச் சரிபார்த்து அரசு போடுகிற முத்திரை அது. மறுபடி போட வேண்டிய கெடு முடிந்து மூன்று வாரம்.

"எடை சரியாத்தானே சார் இருக்கு?"

"எடையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009இல் குறைத்து நிறுப்பது ஒரு குற்றம். முத்திரை இல்லாத, அல்லது கெடு தாண்டிய தராசில் நிறுப்பது தனிக் குற்றம். இந்த இரண்டாவதற்கு, சட்டம் போட்டபோது எழுதிய தொகை 2,000 முதல் 10,000 ரூபாய் வரை. மறுபடி மாட்டினால் ஓராண்டு வரை சிறையும் எழுதியிருந்தார்கள். சட்டம் மத்திய அரசுடையது என்றாலும் தமிழ்நாட்டில் கடைக்கு வருகிறவர் தொழிலாளர் துறை ஆய்வாளர். அவரிடம் போய் ஜிஎஸ்டி பில்லை நீட்டாதீர்கள்.

எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை. இரும்புப் படிக்கல்லுக்கு 24 மாதம். "நான் பார்த்துக்கறேண்ணே" என்று மெக்கானிக் சொன்னதை நம்பித்தான் நான் கோட்டை விட்டேன். தேதியை நீங்களே காலண்டரில் வட்டம் போடுங்கள், ஒரு மாதம் முன்னாலேயே. ரிப்பேர் செய்யச் சீலை அறுத்தால் அந்த முத்திரை போச்சு. திரும்பப் போட்ட பிறகுதான் அந்தத் தராசில் வியாபாரம். ரிப்பேர்காரருக்கும் உரிமம் இருக்க வேண்டும், கேட்டு வாங்கிப் பாருங்கள். முத்திரைச் சான்றிதழை பீரோவில் பூட்டி வைக்காமல், வாங்குகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுங்கள். எங்கள் கடையில் கல்லாவுக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்தது, கடைக்காரர்கள் தெரியாமலே மாட்டுகிற விஷயம். ஒருவர் வந்து அரைக் கிலோ உளுந்து கேட்கிறார், அவர் முன்னாலேயே நிறுத்துக் கட்டித் தருகிறீர்கள். பிரச்சினை இல்லை. அதே உளுந்தை ராத்திரி கடை சாத்தின பிறகு அரை அரைக் கிலோவாகப் பாக்கெட் போட்டு அடுக்கி வைக்கிறீர்கள். இப்போது அது பொட்டலப் பொருள், நீங்கள் பொட்டலமிடுபவர். வாங்குகிறவர் பக்கத்தில் இல்லாதபோது அளவு முடிவாகிவிட்டது என்பதுதான் கணக்கு. வாயை ஒட்டாமல் ரப்பர் பேண்டு போட்டாலும் அதேதான். 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகள் உடனே உங்கள் தலையில் ஏறிவிடும்.

அந்தப் பாக்கெட்டில் பொருளின் பெயர், உங்கள் பெயரும் முகவரியும், பை எடை சேராத நிகர எடை, மாதமும் வருஷமும், எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி, புகார் சொல்ல ஒரு போன் நம்பர், எல்லாம் இருக்க வேண்டும். ஒரு கிராம் என்ன விலை என்றும் போட வேண்டும். அரைக் கிலோ 80 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.16. இதை யார் படித்துப் பார்த்து உளுந்து வாங்குகிறார்கள் என்று எனக்கும் தோன்றும். ஆனாலும் அச்சடிக்கத்தான் வேண்டும். பாக்கெட் போடத் தொடங்கி 90 நாளுக்குள் பொட்டலமிடுபவராகப் பதிவு செய்ய விண்ணப்பிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம் வேறு, இது வேறு. இவ்வளவும் முடியாது என்றால் என்னைப் போல நிறுத்தே கொடுங்கள். சாயங்காலக் கூட்டத்தில் கை வலிக்கும், அவ்வளவுதான்.

எம்ஆர்பிக்கு மேலே ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள், கூல்டிரிங்ஸுக்கு 'கூலிங் சார்ஜ்' உட்பட. அச்சடித்த விலையை அழிக்கவும் கூடாது. விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் பழைய விலை தெரிய வேண்டும்.

ஆய்வாளர் வந்தால் கடைப் பையனை விட்டுப் பேச வைக்காதீர்கள். அடையாள அட்டையை மரியாதையாகக் கேட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. உள்ளே வந்து பார்க்கவும், பதிவேட்டைக் கேட்கவும், தராசையோ சரக்கையோ எடுத்துப் போகவும் அவருக்கு அதிகாரம் உண்டு. தடுத்தால் அது தனி வழக்கு. எடுத்துப் போனால் என்னென்ன, எத்தனை என்று பட்டியல் எழுதி, சாட்சி கையெழுத்தோடு ஒரு நகல் வாங்குங்கள். எழுதியதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முகாந்திரமே இல்லை என்று தெரிந்தும் வேண்டுமென்றே சோதனை போட்ட அதிகாரிக்கும் அந்தச் சட்டத்திலேயே தண்டனை இருக்கிறது. அதிகாரியின் உத்தரவு தவறு என்று பட்டால் மேல்முறையீட்டுக்கு 60 நாள்.

முதல் தடவை என்றால் பெரும்பாலும் கோர்ட்டுக்குப் போகாமல் துறையிலேயே தொகையைக் கட்டி முடித்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் கட்டினேன். ஆனால் அன்றிலிருந்து மூன்று வருஷத்துக்குள் அதே மாதிரித் தப்பு வந்தால் அந்த வழி அடைபட்டுவிடும், நேராக கோர்ட்டுதான். அந்த ரசீதைக் கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை சில்லறை எடுக்கும்போதும் தேதி கண்ணில் படும். இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.