வீட்டு ஸ்பீக்கருக்கு ட்வீட்டர் எடுக்கும்போது செய்யும் தவறுகள்

ஸ்பீக்கர் பாக்ஸில் மேல் ஒலிகளைப் பாடும் சின்ன ஸ்பீக்கர்தான் ட்வீட்டர், கீழ் ஒலிகளைப் பாடும் பெரியது வூஃபர். கடலூரிலோ புதுச்சேரியிலோ கடையில் போய் ‘அண்ணே, நல்ல ட்வீட்டரா ரெண்டு குடுங்க’ என்று கேட்டால் முதலில் வருவது ‘எத்தனை வாட்ஸ் தம்பி?’ என்கிற கேள்விதான். வாட்ஸ் அப்புறம் பார்க்கலாம். உங்கள் வூஃபர் எந்த இடத்தில் ஓய்கிறது, அந்த இடத்திலிருந்து இந்த ட்வீட்டர் திணறாமல் பாடுமா? இதைத் தெரிந்துகொள்ளாமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பாக்ஸ் சரியாகப் பாடாது.

நம் ஆட்கள் பெரும்பாலும் மேல் எல்லையைத்தான் ஒப்பிடுகிறார்கள். இது 20,000 ஹெர்ட்ஸ் வரை போகும், அது 40,000 வரை போகும், அப்போ அதுதான் உசத்தி என்று. நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு 15,000-க்கு மேல் காதில் விழுவதே குறைவு. காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையில். பாடகியின் உச்சரிப்புத் தெளிவும் நாதஸ்வரத்தின் கூர்மையும் அங்கேதான் இருக்கின்றன, வூஃபர் விட்டு ட்வீட்டர் எடுத்துக்கொள்வதும் அதே இடத்தில்தான். அதனால் ட்வீட்டர் மேலே எவ்வளவு ஏறுகிறது என்பதைவிடக் கீழே எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பாருங்கள்.

அதற்கு டேட்டாஷீட்டில் முதலில் தேட வேண்டியது ஒத்ததிர்வு அதிர்வெண், அதாவது ட்வீட்டர் தானாகவே அதிரும் இயல்பான அதிர்வெண், எஃப்எஸ் என்று போட்டிருக்கும். வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரின் அதிர்வெண் இதைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், அதுவும் 12 டெசிபெல் சரிவுள்ள கிராஸ்ஓவராக (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் 12 டெசிபெல் குறைப்பது) இருந்தால்தான் இந்த இரண்டு மடங்கு போதும். சத்தம் அதே அளவில் இருக்க அதிர்வெண் பாதியாகக் குறைந்தால் டோம் (ட்வீட்டரில் அதிரும் குமிழ்) நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும், அந்தச் சின்ன டோமுக்கு அவ்வளவு இடம் கிடையாது, உடனே பாட்டு கரகரக்கும். இன்னொரு பக்கம் வூஃபரும் ஒரு எல்லைக்கு மேல் ஒலியைப் பக்கவாட்டில் பரப்பாமல் நேராக மட்டும் வீச ஆரம்பிக்கும். ஆறரை இஞ்ச் வூஃபரின் கூம்பு சுமார் 13 செ.மீ., அதன் விட்டமும் அலையின் நீளமும் சமமாவது 2,600 ஹெர்ட்ஸ் பக்கம். எட்டு இஞ்ச் என்றால் 2,100 அருகிலேயே வந்துவிடும். ஆக எட்டு இஞ்ச் வூஃபர் வைத்துக்கொண்டு எஃப்எஸ் 1,500 உள்ள மலிவு ட்வீட்டரை எடுத்தால் இரண்டும் நல்லபடியாகச் சேர இடமே இல்லை. ட்வீட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஜோடி தப்பு.

அடுத்த தவறு, கீழ் ஒலிகளைத் தடுக்க ட்வீட்டருக்கு முன்னால் தொடரில் போடும் கண்டன்சர். ‘2.2 போடுங்க, போதும்’ என்று எல்லா ட்வீட்டருக்கும் ஒரே மதிப்பைச் சொல்கிறார்கள். 8 ஓம் ட்வீட்டருக்கு 2.2 மைக்ரோஃபாரட் போட்டால் அது சுமார் 9,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் முழுசாக வேலை செய்யும், நடுவில் பெரிய பள்ளம் விழும். 4.7 போட்டால் 8 ஓமுக்குச் சுமார் 4,200, அதே கண்டன்சர் 4 ஓம் ட்வீட்டருக்கு 8,400. இந்த ஒரு காரணத்தாலேயே, ஒரே கண்டன்சரில் இரண்டு ட்வீட்டரை மாற்றி மாற்றி மாட்டிக் கேட்டு ‘இது தெளிவு, அது மந்தம்’ என்று சொல்வது செல்லாது. ஒவ்வொன்றுக்கும் அதன் கிராஸ்ஓவரைக் கணக்குப் போட்டுக் கட்டிய பிறகு ஒப்பிடுங்கள். ஒற்றைக் கண்டன்சர் மட்டும் என்றால் சரிவு 6 டெசிபெல்தான், அதாவது அதிர்வெண் பாதியாகும்போது போகும் மின்னழுத்தம் ஏறத்தாழ பாதியாகிறது, ஆனால் அசைவோ நான்கு மடங்கு கேட்கிறது, எனவே கீழே இருந்து முழுப் பாதுகாப்பு கிடைக்காது. ஒரு காயில் (கம்பிச்சுருள்) ஒன்றையும் சேர்த்துக் கட்டுங்கள். பிளஸ் மைனஸ் குறி போட்ட சாதா எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரை இங்கே போடவே கூடாது.

சரி, வாட்ஸ். ட்வீட்டர் அட்டையில் 100 வாட்ஸ் என்று இருந்தால், பெரும்பாலும் 100 வாட்ஸ் ஆம்ப் கொண்ட செட்டில், குறிப்பிட்ட கிராஸ்ஓவருடன் போடலாம் என்றுதான் பொருள். பாட்டின் சக்தியில் பெரும்பகுதி கீழ்ப்பகுதியில் இருக்கிறது, ட்வீட்டருக்குப் போவது சில வாட்ஸ்தான், அதன் மெல்லிய வாய்ஸ் காயில் தாங்குவதும் அவ்வளவுதான். இங்கே நிறைய ட்வீட்டர் எரிவது சின்ன ஆம்பால். 4440 ஐசி போட்ட சின்ன ஆம்ப் போர்டை வால்யூம் முழுக்கத் திருகி வைத்தால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, பாட்டில் இல்லாத மேல் அதிர்வெண்கள் உண்டாகி நேராக ட்வீட்டருக்குப் போகும். காது குத்த ஆரம்பித்ததும் குறைத்துவிடுங்கள்.

ஒப்பிடுவதில் மிகப் பெரிய ஏமாற்றம் சத்த அளவில்தான் இருக்கிறது. இரண்டில் எது ஒரு டெசிபெல் அதிகமோ அதுதான் நமக்கு ‘தெளிவாக’ படும். பிங்க் நாய்ஸை (எல்லா அதிர்வெண்களும் கலந்த ‘ஷ்ஷ்’ என்ற சோதனை ஒலி) ஓடவிட்டு, செல்போன் ஆப்பிலாவது இரண்டையும் அரை டெசிபெல்லுக்குள் சமன் செய்துவிட்டுக் கேளுங்கள், ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒற்றை ஸ்பீக்கரில், தெரிந்த குரலை வைத்து. ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் சீறுகின்றனவா, ஜால்ரா தனித்தனித் தட்டாகக் கேட்கிறதா, எழுந்து ஓரமாகப் போனால் குரல் மாறுகிறதா என்று கவனியுங்கள். ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று பிடித்துப்போகும் ட்வீட்டர் ஒரு மணி நேரம் கேட்டால் தலைவலி தரலாம், ஆகவே கடையில் முடிவு செய்யாதீர்கள்.

டேட்டாஷீட்டில் உணர்திறனை, அதாவது குறிப்பிட்ட மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். 2.83 வோல்ட்டில் 92 டெசிபெல் என்றால், 8 ஓமுக்கு அது ஒரு வாட், 4 ஓமுக்கு இரண்டு வாட். ஒரு வாட் கணக்கில் பார்த்தால் 4 ஓம் ட்வீட்டர் 89 தான். ஒன்றை வோல்ட்டிலும் இன்னொன்றை வாட்டிலும் பார்த்து ஒப்பிடக் கூடாது. வூஃபரைவிட ட்வீட்டர் சத்தமாக இருந்தால் கவலை இல்லை, 8 ஓம் ட்வீட்டருக்கு முன்னால் தொடரில் 4 ஓம், ட்வீட்டருக்கு இணையாக 8 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 6 டெசிபெல் குறையும், ஆம்புக்கு அதே 8 ஓம்தான் தெரியும். குறைவான ட்வீட்டரைக் கூட்டத்தான் வழியில்லை. கிராஃபைப் பார்க்கும்போது பக்கத்து அளவுகோலைப் பாருங்கள், 100 டெசிபெல்லை அடக்கி வரைந்தால் எந்த ட்வீட்டரும் நேர்கோடாகத்தான் தெரியும். பக்கவாட்டில் 30 டிகிரி, 60 டிகிரி தள்ளி அளந்த கோடுகளே இல்லாத கிராஃபை நான் பெரிதாக நம்ப மாட்டேன்.

டோம் பட்டுத் துணியா, அலுமினியமா, டைட்டானியமா என்பது இதற்கெல்லாம் பிறகுதான் வர வேண்டும். காந்தமும் காயிலும் இல்லாமல் படிகத் தகடு அதிர்ந்து ஒலி தரும் பீசோ மட்டும் தனி ரகம். அதுவே கண்டன்சர் மாதிரி நடந்துகொள்ளும், தொடரில் இன்னொரு கண்டன்சர் போட்டால் சத்தம் குறையுமே தவிர எதிர்பார்த்தபடி வடிகட்டாது. திருவிழா செட்டுக்குச் சரி, வீட்டு ஹாலில் எனக்குப் பிடிக்காது.

தேவனாம்பட்டினம் மாதிரி கடல் ஒட்டிய இடத்தில் வீடு என்றால் பேப்பர் கோன் ட்வீட்டரைத் தவிர்த்துவிடுங்கள், உப்புக் காற்றில் டெர்மினல் கறுத்துப்போகும் என்பதால் ஒயரைச் சொருகி விடாமல் சோல்டர் செய்யுங்கள். ஃபெரோஃப்ளூயிட் (வாய்ஸ் காயிலைச் சுற்றி ஊற்றியிருக்கும் காந்தத் திரவம்) உள்ள ட்வீட்டர் வருடக்கணக்கில் சூட்டில் அந்தத் திரவம் கெட்டியாகி மெல்ல மந்தமாகும், அதனால் டயாஃப்ரத்தை (டோமும் காயிலும் சேர்ந்த பகுதி) கழற்றி மாற்றக்கூடிய மாடலாக இருந்தால் நல்லது, முடிந்தால் வாங்கும்போதே ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துவிடுங்கள், பிறகு அதே மாடல் கிடைக்காமல் போகலாம்.