பிள்ளைக்குக் கார்டிசால் டெஸ்ட் எடுக்கும் முன்

கார்டிசால்தான் ‘மன அழுத்த ஹார்மோன்’ என்று யூடியூபில் பார்த்துவிட்டு, வளர்ந்த பிள்ளையை லேபுக்கு அழைத்துப் போக நினைக்கும் பெற்றோர் வேலூரிலும் உண்டு. சரி, எடுங்கள். ஆனால் அந்த ரிப்போர்ட்டை வைத்துத் தற்கொலை ஆபத்து இருக்கிறது, இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

மூளையில் ஹைப்போதலாமஸ் தூண்டிவிட, பிட்யூட்டரி வழியாகச் செய்தி போய், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசாலைச் சுரக்கிறது. தூங்கி எழுந்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் அது உச்சத்துக்குப் போகும். நள்ளிரவில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். காலை எட்டு மணிக்கு ஒரு எண், சாயங்காலம் டியூஷன் முடிந்து எடுத்தால் வேறு எண். தற்கொலைக்கு முயன்றவர்களிடம் நடந்த ஆய்வுகளும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. சிலருக்குக் கார்டிசால் அதிகம். சிலருக்கோ நெருக்கடி வந்தால்கூட அது ஏற வேண்டிய அளவுக்கு ஏறுவதில்லை. அதனால், எவ்வளவு திட்டினாலும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும் பையனைப் பார்த்து “இவனுக்கு எதுவும் உறைக்கிறதே இல்லை” என்று விட்டுவிடுவது பெரிய தவறு. கார்டிசாலைக் குறைக்கும் என்று விற்கும் பொடிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அடுத்தது, கொதிப்பில் இருக்கும்போது புத்தி சொல்வது. உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும் மூளையின் முன்பகுதி முழுதாகப் பக்குவப்பட ஏறக்குறைய இருபத்தைந்து வயது ஆகிறது. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மத்தியானம், மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிட்டால் ஒரு வார்த்தையும் உள்ளே போகாது. சோறு போடுங்கள், கூடவே இருங்கள். பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

“செத்துடுவேன்னு சும்மா மிரட்டுறா” என்பதும் வேண்டாம். வேலூரை ஒட்டிய கணியம்பாடி வட்டாரத்தில் சி.எம்.சி. மருத்துவர்கள் 1992 முதல் 2001 வரை கணக்கெடுத்தபோது, 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் ஆண்டுக்கு லட்சம் பெண்களுக்கு 148 பேரும் லட்சம் ஆண்களுக்கு 58 பேரும் தற்கொலையால் இறந்திருந்தார்கள். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. “செத்துடலாம்னு தோணுதா கண்ணு?” என்று நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியமும் செய்யாதீர்கள். அந்த வேகம் பல பேருக்குச் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அதுவரை எதுவும் கைக்கு எட்டக் கூடாது: பூச்சிமருந்து வீட்டுக்குள்ளேயே வேண்டாம், தாத்தாவின் மாத்திரைகள்கூடப் பூட்டில் இருக்கட்டும்.

“பாகாயத்துக்கா? ஊர் என்ன பேசும்?” என்று தயங்கியே நாளைக் கடத்துகிறவர்கள் நிறைய. பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் குடும்பத்தாரையும் கூடவே வைத்துச் சிகிச்சை தருவது பழைய வழக்கம். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள்; தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலச் சட்டம். ராத்திரி எந்நேரமானாலும் மனநல உதவி எண் 14416 அல்லது சுகாதார உதவி எண் 104-க்குப் போன் போடலாம், தமிழிலேயே பேசலாம்.