கேயாஸ் என்றால் குழப்பம் இல்லை: கிரேக்கர்களின் ஆதி தெய்வங்களைப் பற்றி எழுதும்போது வரும் தவறுகள்

கிரேக்கப் புராணத்தில் உலகம் தோன்றிய கதையை யார் சொல்லத் தொடங்கினாலும் முதல் வரியிலேயே சறுக்கிவிடுகிறார்கள்: "ஆதியில் எங்கும் குழப்பம் இருந்தது." கேயாஸ் என்ற சொல்லை டிராஃபிக் நெரிசலுக்கும் கல்யாண வீட்டுக் களேபரத்துக்கும் சொல்லிப் பழகிவிட்டதால் வருகிற வினை இது. கி.மு. 700 வாக்கில் கிரேக்கக் கவிஞர் ஹெசியட் பாடிய தியோகனி என்ற நெடும்பாட்டில், 116ஆவது வரியில் வரும் கேயாஸுக்குப் பொருள் பிளவு, வாய் பிளந்த வெற்றிடம். கொட்டாவி விடும்போது வாய் அகலத் திறக்கிறதே, அதற்கான கிரேக்கச் சொல்லுக்கு உறவான சொல். எல்லாம் கலந்து கிடந்த குவியல் என்ற படம், சுமார் 700 ஆண்டுகள் கழித்து ரோமக் கவிஞர் ஓவிட் தீட்டியது.

இன்னொன்று, அந்த வரியில் கேயாஸ் "இருந்தது" என்று இல்லை, "தோன்றியது" என்றுதான் இருக்கிறது. எதிலிருந்து, யாரால்? ஹெசியட் சொல்லவே இல்லை. அடுத்து நிலமாகிய கையா, பாதாளமாகிய டார்டரஸ், காதலாகிய ஈரோஸ் எல்லாரும் அப்படியே தோன்றுகிறார்கள். அதனால் இதைப் படைப்புக் கதை என்று சொல்லும்போதே எனக்கு உறுத்தும். தியோகனி என்றால் தெய்வங்களின் பிறப்பு. இங்கே செய்கிறவர் இல்லை, பிறக்கிறவர்கள்தான். கையா துணை எதுவும் இல்லாமலே வானமாகிய யுரேனஸைப் பெறுகிறாள், தனக்குச் சரிசமமான அளவில், தன்னை எல்லாப் பக்கமும் மூடும்படி. நிலம் வானத்தைப் பெற்றது! தெய்வங்களின் அரசனான ஜூஸ் உலகத்தைப் படைத்தார் என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒருமுறை படிக்க வேண்டும், ஜூஸ் அந்த கையாவின் பேரன்.

பெயர்களில் கொஞ்சம் கவனம் வேண்டும். தந்தை யுரேனஸை அரிவாளால் அறுத்த டைட்டன் குரோனோஸ் வேறு, காலம் என்று பொருள்படும் குரோனோஸ் வேறு. கிரேக்கத்தில் முதல் எழுத்தே வேறு, தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுத வேண்டியிருப்பதால் நமக்குக் குழப்பம் இரட்டிப்பு. பழங்காலத்திலேயே இருவரையும் ஒன்றாக்கிப் பேசியவர்கள் உண்டு, ஆனால் ஹெசியடின் கதையில் காலதேவன் கிடையாது. அப்புறம் ஈரோஸ். அம்பு விடும் குழந்தையை மறந்துவிடுங்கள், இங்கே அவன் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டிக்கே மூத்தவன். டைட்டன்களை ஆதி தெய்வங்களோடு சேர்ப்பதும் தவறு, அவர்கள் கையாவுக்கும் யுரேனஸுக்கும் பிறந்த பன்னிருவர், அடுத்த தலைமுறை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கிரேக்கர்களிடம் ஒரே கதைதான் இருந்தது என்று நினைத்து எல்லாரையும் ஒரே வம்சாவளிப் படத்தில் அடைப்பது. ஹோமரின் இலியட் காவியத்தில் தெய்வங்களின் மூலமே உலகைச் சுற்றி ஓடும் நதியான ஓஷனஸ்தான் என்று ஜூஸின் மனைவி ஹீரா சொல்கிறாள். கி.மு. 414இல் மேடையேறிய அரிஸ்டோஃபனீஸின் "பறவைகள்" நாடகத்தில் இரவு ஒரு முட்டையிட, அதிலிருந்து ஈரோஸ் பொரிந்து வருகிறான். புராணப் பாடகன் ஆர்ஃபியஸைக் குருவாகக் கொண்ட சமயக் குழுவினரிடம் இருந்தது வேறொரு முட்டை. இவை சேராது, சேர்க்கவும் வேண்டாம், எந்தக் கதை யாருடையது என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

சரி, இரவுக்கு வருவோம். இரவாகிய நிக்ஸைத் தீய சக்தியாகக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மரணமும் சண்டையும் அவள் பிள்ளைகள் என்பது உண்மைதான், ஆனால் பகலாகிய ஹெமேராவும் அவள் வயிற்றில் பிறந்தவள்தானே? தாயும் மகளும் ஒரே வீட்டுக்காரர்கள், ஆனால் இருவரும் ஒன்றாக வீட்டில் இருந்ததே இல்லை. ஒருத்தி உள்ளே வரும்போது மற்றவள் கிளம்பிவிடுவாள், அந்தப் பெரிய வெண்கல வாசற்படியைக் கடக்கும் நேரத்தில் மட்டும் எதிரெதிரே நின்று இரண்டு வார்த்தை விசாரித்துக்கொள்வார்கள்.