அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் சீசன் முடிவில் வரும் பவுல் ஆட்டத்துக்கு முன் எந்த எண்ணை நம்புவது?

மொத்த யார்டுகளை விடுங்கள். ஒரு பிளேவுக்கு, அதாவது பந்தை நகர்த்தும் ஒரு முயற்சிக்கு, எத்தனை யார்டு என்று பாருங்கள். அதற்கும் முன்னால் எஃப்சிஎஸ் எனும் கீழ்ப்பிரிவு அணிகளோடு ஆடியதைக் கழித்துவிடுங்கள். சோப்ளாங்கி எதிரணியிடம் ஏற்றிய சராசரி டிசம்பரில் உதவாது.

பந்தோடு ஓடி எடுத்த யார்டுகளின் கணக்கில்தான் பலரும் சறுக்குவார்கள். கல்லூரி ஃபுட்பாலில் பந்தை வீசும் குவார்ட்டர்பேக் சாக் ஆனால், அதாவது வீசும் முன்பே பின்னால் வீழ்த்தப்பட்டால், அந்த இழப்பு ரஷ்ஷிங் (ஓட்ட) கணக்கில் விழும், தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் பாஸிங் (வீச்சு) கணக்கில். 40 ஓட்டம், 150 யார்டு என்றால் சராசரி 3.75. அதற்குள் 4 சாக், 30 யார்டு இழப்பு ஒளிந்திருந்தால், உண்மையில் 36 ஓட்டம், 180 யார்டு, சராசரி 5. அணியின் முன்வரிசை ஓடுபவருக்கு நன்றாகவே வழி திறக்கிறது, பந்து வீசுபவரைக் காப்பதில்தான் ஓட்டை.

ரெட் ஸோன், அதாவது எதிரணியின் கடைசி 20 யார்டு, சதவீதத்தில் உதைத்து எடுக்கும் ஃபீல்ட் கோலும் சேரும். பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோகும் டச்டவுனைத் தனியே எண்ணுங்கள்.

பிறகு, யார் வரவில்லை? என்எஃப்எல் வீரர் தேர்வான டிராஃப்டுக்காக ஒதுங்கியவர், வேறு கல்லூரிக்கு மாற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் போனவர். குவார்ட்டர்பேக்கே இல்லையென்றால் சீசன் முழுக்கச் சேர்த்த பாஸிங் எண்கள் வெறும் காகிதம்.