அறை விழணும், அடி படக்கூடாது: பள்ளி வன்முறைக் காட்சியை மேடையேற்றுவது எப்படி

பள்ளிப் பிள்ளைகள் நடிக்கும் நாடகத்தில் கேலி, அடிதடி வருகிறதென்றால் வேடம் பிரிக்கும்போதே கவனம் வேண்டும். வகுப்பில் நிஜமாகவே சீண்டப்படுகிற பையனுக்கு அடி வாங்கும் வேடம் கொடுக்காதீர்கள். ஒத்திகையில் விழுந்த பட்டப்பெயர் மறுநாள் வகுப்பிலும் ஒட்டிக்கொள்ளும். வசவுகளையெல்லாம் பிரதியிலேயே எழுதிவிடுங்கள். மேடையில் சொந்தச் சரக்கு வேண்டாம்.

அடிக்கும் காட்சியை நடத்துவது அடிப்பவரல்ல, வாங்குபவர். கன்னத்தில் அறை என்றால், கையை முழுக்க நீட்டினாலும் முகத்துக்கு ஒரு சாண் மிச்சமிருக்கும்படி நில்லுங்கள். வாங்குபவரின் முதுகு பார்வையாளர் பக்கம். இருவரும் கண்ணைப் பார்த்து, வாங்குபவர் லேசாகத் தலையசைத்த பிறகே கை கிளம்ப வேண்டும். கை முகத்தைக் கடக்கும் அதே நொடியில் வாங்குபவர் மார்புக்குக் கீழே தன் கைகளைத் தட்டி, தலையைத் திருப்புவார். சத்தம் பிந்தினால் அரங்கமே சிரித்துவிடும்.

எழும்பூர் மியூசியம் தியேட்டர் மாதிரி ஒரே பக்கம் ஆட்கள் உட்காரும் இடத்தில் இது எடுபடும். மொட்டை மாடியில் மூன்று பக்கமும் ஆள் இருந்தால் தட்டும் கை தெரிந்துவிடும். அங்கே முடியைப் பிடிக்கும் காட்சியே நல்லது. பிடிப்பவர் மூடிய முஷ்டியை உச்சந்தலையில் வைப்பார், அவ்வளவுதான். வாங்குபவர் இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டைத் தலையோடு அழுத்திக்கொண்டு தானே நகர்வார். ஹேர்பின், கம்மல், சங்கிலி, கண்ணாடி எல்லாம் முன்பே கழற்றியிருக்க வேண்டும்.

முதலில் கால்வாசி வேகத்தில் பழகி, பிறகு பாதி வேகம். கைதட்டல் கேட்டதும் பையன்களுக்கு வேகம் ஏறும். நிஜ அடி விழுவது பெரும்பாலும் அப்போதுதான். அதனால் ஒவ்வொரு காட்சி நாளும், உடை மாற்றியபின், அதே மேடையில் பாதி வேகத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். சென்னை வியர்வைக்குத் தரை வழுக்கும், துடைக்கத் துணி கையிலேயே இருக்கட்டும். நிறுத்தச் சொல்ல ‘தர்பூசணி’ மாதிரி நாடகத்தில் வராத சொல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ‘விடுடா’ வசனமாகவே வந்துவிடும்.

சுற்றி நின்று செல்போனில் படம் பிடிக்கும் கும்பல்தான் இன்றைய காட்சியின் உயிர். அந்தக் கும்பலாக நடிப்பவர்களுக்கு சிம் இல்லாத போன்களையே கொடுங்கள், டார்ச் மட்டும் எரியட்டும். ஒத்திகை கிளிப் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனால் நடித்த பிள்ளையின் முகம்தான் சுற்றும்.

கையில் சாதிக் கயிறு காட்டுவதானால் நிஜத்தில் எந்தச் சாதிக்கும் உரியதல்லாத நிறமாகப் பாருங்கள். பள்ளிகளில் இந்தக் கயிறுகளைத் தடைசெய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024-இல் பரிந்துரைத்தது. தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

திரை விழுந்ததும் விளக்கைப் போட்டு, கூட்டம் எழும் முன் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அறிவியுங்கள்.